ராட்சதக் கழுகைக் கொல்லும் கடுகளவு காரீயம்!

சிறகை விரித்தால் ஒன்பதரை அடி. எடை 8 முதல் 10 கிலோ. நோய் நொடி இல்லாவிட்டால் அறுபது வயதுவரை வாழும். ஒரே நாளில் 150 மைல் பறந்துவிடும்.

இப்படி ஒரு பறவை அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் காண்டோர். கலிபோர்னியா மாகாணத்தில் வாழ்வதால் "கலிபோர்னியா காண்டோர்" என்று அழைக்கிறார்கள். வட அமெரிக்காவின் தரைப் பறவைகளில் இவ்வளவு அகலமான சிறகு வேறு எதற்கும் கிடையாது.

ஆள்தான் ராட்சதன். குணம் சாது. இது எந்தப் பிராணியையும் வேட்டையாடாது. செத்த மாடு, செத்த மான், செத்த பன்றி, இவைதான் இதற்கு உணவு. அதாவது, பிணந்தின்னிக் கழுகு.

1982-ம் ஆண்டில் உலகம் முழுவதிலும் சேர்த்து இந்தக் கழுகுகள் 22 தான் இருந்தன. இப்பொழுது கூண்டிலும் வெளியிலுமாக 500-க்கு மேல் இருக்கின்றன. 300-க்கு மேற்பட்டவை வானத்தில் சுதந்திரமாகப் பறக்கின்றன.

நல்ல செய்திதானே என்று கேட்கலாம். நல்ல செய்திதான். ஆனால் மனிதர்கள் கவனிப்பதை நிறுத்திவிட்டால், இந்தப் பறவை பழையபடி அழிவுப் பாதையில் போய்விடும் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள்.

காரணம், துப்பாக்கித் தோட்டா. கழுகைச் சுட்ட தோட்டா அல்ல. வேறு எதையோ சுட்ட தோட்டா!

அது எப்படி என்று பார்க்கும் முன், இந்தக் கழுகு வாழும் சீமையைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

மாட்டுப் பண்ணைச் சீமை

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் எல்லோருக்கும் ஹாலிவுட் சினிமா நினைவுக்கு வரும். அந்த நகரத்திலிருந்து வடமேற்கே மோட்டாரில் இரண்டு மணி நேரம் போனால், சினிமாவில் "கவுபாய்" குதிரையில் போவானே, அந்த மாதிரி இடம் வந்துவிடும். வீடுகள் இல்லை. மரங்கள் குறைவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மொட்டை மலைகள். மலை முழுவதும் புல்.

அங்கே குளிர்காலத்தில்தான் மழை. மழைக்குப் பிறகு சில வாரங்கள் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும். பிறகு கோடை வந்துவிடும். புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். ஆண்டில் பாதிக்கு மேல் அந்த வைக்கோல் நிறம்தான்.

இந்தப் புல்லை நம்பித்தான் அங்கே மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. நம் ஊர் கணக்கில் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள டெஹோன் பண்ணையின் பரப்பு 2,70,000 ஏக்கர்! கலிபோர்னியாவில் தனியாரிடம் ஒரே துண்டாக உள்ள நிலங்களில் இதுதான் பெரியது.

மலைச் சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். அந்தக் காற்றில் ஏறிக்கொண்டால் சிறகை அடிக்காமலே கழுகு மிதக்கலாம். கீழே மரம் இல்லாததால், செத்துக் கிடப்பது எதுவானாலும் வானத்திலிருந்து தெரிந்துவிடும். இறங்கவும் ஏறவும் இடம் தாராளம். காண்டோருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பண்ணை மாடு செத்தால் சாப்பாடு. காட்டு மான் செத்தாலும் சாப்பாடு.

அங்கே ஹட்சன் பண்ணை என்று ஒரு பண்ணை இருந்தது. காண்டோர்கள் வழக்கமாக இரை தேடி வரும் இடம் அது. 1985-ல் அமெரிக்க சர்க்கார் அதை விலைக்கு வாங்கி, சரணாலயமாக ஆக்கியது. 14,000 ஏக்கருக்கு மேல் உள்ள அந்த இடத்துக்கு "பிட்டர் கிரீக்" என்று பெயர். கசப்பு ஓடை என்று அர்த்தம்.

சரணாலயத்துக்குள் பொதுமக்கள் இஷ்டம்போல் நுழைய முடியாது. ஆனால் அதன் வழியாக ஒரு மலைச் சாலை போகிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, பைனாகுலரும் கையுமாக நிற்கிறார்கள். சில பேர் வீட்டிலிருந்தே நாற்காலியும் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

எது காண்டோர்?

விடியற்காலையில் போய் நிற்பதில் லாபம் இல்லை. காண்டோர் சோம்பேறி அல்ல. ஆனால் சீக்கிரம் கிளம்பாது. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே எழும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்தக் கனத்த உடம்பு கிளம்பும்.

புதிதாக வருகிறவர்கள் வேறு பறவையைப் பார்த்து ஏமாந்துவிடுவது உண்டு. அங்கே சிவந்த தலையுள்ள இன்னொரு பிணந்தின்னிக் கழுகு இருக்கிறது. வான்கோழியின் தலையைப்போல் இருப்பதால் அதை வான்கோழிக் கழுகு என்கிறார்கள். அது சிறகுகளை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு, காற்றில் இப்படியும் அப்படியும் தள்ளாடிக்கொண்டு பறக்கும். காண்டோர் தள்ளாடாது. சிறகைப் பலகை போல் நேராக நீட்டிக்கொண்டு போகும். தூரத்தில் பார்த்தால் சிறிய ஆகாய விமானம் என்றே தோன்றும். வளர்ந்த பறவையாக இருந்தால், சிறகின் அடியில் முக்கோணம் போல் வெள்ளைப் பட்டை தெரியும். தலையில் முடி இல்லை. தோல் ஆரஞ்சு நிறம். குஞ்சுப் பருவத்தில் தலை கறுப்பு.

இன்னொரு அடையாளமும் உண்டு. சிறகில் நம்பர் போட்ட அட்டை! ஏறக்குறைய ஒவ்வொரு காண்டோருக்கும் ஒரு நம்பர் இருக்கிறது. பைனாகுலரில் நம்பரைப் படித்துவிட்டால், அது எந்த ஆண்டில் பிறந்தது, ஆணா, பெண்ணா என்ற ஜாதகத்தையே தெரிந்துகொள்ளலாம். பல பறவைகளுக்கு ரேடியோக் கருவியும் பொருத்தியிருக்கிறார்கள்.

சில நாள் ஏழெட்டுக் கழுகுகள் சேர்ந்து வரும். சில நாள் மாலை வரை நின்றாலும் ஒன்றுகூட வராது. அதனால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதில்லை. தரையில் வளை தோண்டி வாழும் ஒரு வகை அணில் அங்கே ஏராளம். அந்த அணிலைத் தூக்கிப் போகப் பொன்னிறக் கழுகு வரும். அணில் விட்டுப்போன வளையில் ஓர் ஆந்தை குடியிருக்கும். மனிதனின் முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த ஆந்தை, பட்டப்பகலில் வளை வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரை முறைத்துப் பார்க்கும். ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் ஒரு பிராணி, கோயோட்டி என்று பெயர், புல்லுக்குள் பதுங்கிப் போகும். இரவில் வீட்டுப் பூனை அளவுள்ள ஒரு நரி வெளியே வரும். அதுவும் அழிந்து வரும் ஜாதிதான்.

மானைக் காப்பாற்றிய மாட்டு வியாபாரி

எல்க் என்ற பெரிய மானும் அந்தப் பக்கத்தில் உண்டு. இதன் கதை கேட்க வேண்டிய கதை.

டூலி என்பது அங்குள்ள சதுப்பு நிலத்தில் முளைக்கும் ஒரு வகைக் கோரை. அந்தக் கோரையில் மேய்ந்த மானுக்கு "டூலி எல்க்" என்று பெயர். 1849-க்குப் பிறகு தங்கம் தோண்ட ஜனங்கள் கலிபோர்னியாவுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மானைச் சுட்டுத் தின்று தீர்த்தார்கள். மான் அடியோடு ஒழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஹென்றி மில்லர் என்று ஒருவர். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து, கசாப்புக் கடையில் தொழிலை ஆரம்பித்து, மாட்டுப் பண்ணைக்கே ராஜாவானவர். 1870-களில் அவருடைய பண்ணையில் ஒரு சதுப்பு நிலத்தை வற்றவைத்தார்கள். அப்பொழுது கோரைக்குள் சில மான்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று மில்லர் உத்தரவு போட்டுவிட்டார். இன்று கலிபோர்னியாவில் டூலி எல்க் 5,000-க்கு மேல் இருக்கின்றன. எல்லாம் அந்தச் சில மான்களின் வம்சம்தான்.

மில்லர் ஒன்றும் சந்நியாசி அல்ல. மான் பெருகிப் பயிரை நாசம் செய்தபோது, "இவற்றை வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள்" என்று அவரே சொன்னார். இருந்தாலும், சட்டம் சரியாகக் காப்பாற்றாத ஒரு ஜாதியை ஒரு பண்ணைக்காரரின் ஒரு வார்த்தை காப்பாற்றியது. காண்டோர் விஷயத்திலும் இதை மறந்துவிடக் கூடாது. ஏனென்றால் அந்தப் பறவை இரை தேடும் நிலத்தில் பெரும் பகுதி இன்றும் பண்ணைக்காரர்களிடம்தான் இருக்கிறது.

கடைசிப் பறவை பிடிபட்டது

காண்டோர் குறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. கண்டவர்கள் சுட்டார்கள். அபூர்வ முட்டை என்று சேகரிப்பவர்கள் முட்டையை எடுத்துப் போனார்கள். கோயோட்டிக்கு வைத்த விஷ மாமிசத்தைக் கழுகும் தின்றது. மின்சாரக் கம்பியில் மோதிச் செத்தது. 1953-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சுமார் 60 பறவைகள்தான் மிச்சம் என்று சொல்லப்பட்டது. அப்பொழுதே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

இந்தப் பறவை பெருகுவதும் மெதுவாகத்தான். ஆறு வயதுக்கு மேல்தான் முட்டையிடும். ஒரு தடவைக்கு ஒரே முட்டை. குஞ்சை வளர்த்து ஆளாக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே, வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான்.

1984-85 குளிர்காலத்தில் பெரிய அடி விழுந்தது. அப்பொழுது காட்டில் இருந்தவை 15. அதில் 6 காணாமல் போயின. மிச்சம் 9.

எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்து வளர்ப்பதுதான் வழி என்றார்கள் ஒரு சாரார். காட்டுப் பறவையைக் கூண்டில் அடைத்தால் அது பறவையே அல்ல, மானத்தோடு அழியட்டும் என்றார்கள் இன்னொரு சாரார். பறவைகளுக்காகப் பாடுபடும் ஒரு பெரிய சங்கம் இதற்காகக் கோர்ட்டுக்கே போனது. முடிவில், பிடிப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

1987-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. காட்டில் ஒரே ஒரு காண்டோர்தான் பாக்கி. ஏழு வயது ஆண் பறவை. அது வரும் இடம், மேலே சொன்ன அதே பிட்டர் கிரீக். அங்கே வலைவீசி அதைப் பிடித்தார்கள். அன்றோடு வட அமெரிக்க வானத்தில் காண்டோரே இல்லை. கூண்டில் இருந்தவை 27.

மிருகக் காட்சிசாலைகளில் ஒரு யுக்தி செய்தார்கள். முதல் முட்டையை எடுத்துவிட்டால் தாய்ப் பறவை இன்னொரு முட்டையிடும். எடுத்த முட்டையை யந்திரத்தில் வைத்துப் பொரிக்கலாம். பொரித்த குஞ்சு மனிதனைத் தாய் என்று நினைத்துவிட்டால் காட்டில் பிழைக்காது அல்லவா? அதற்காக, காண்டோர் தலை போலவே ஒரு பொம்மை உறை செய்து, கையில் மாட்டிக்கொண்டு இரை ஊட்டினார்கள். குஞ்சுக்கு அம்மாவின் தலை மட்டும்தான் தெரியும். பின்னால் இருக்கும் ஆசாமி தெரியாது!

கூண்டில் ஜோடி சேர்ந்த பறவைகளின் முதல் குஞ்சு 1988-ல் பிறந்தது. 1992 ஜனவரியில் இரண்டு இளம் பறவைகளைக் காட்டில் விட்டார்கள். 1996-ல் அரிசோனா மாகாணத்திலும் விட்டார்கள். 1987-ல் பிடித்தார்களே, அந்த ஆண் பறவை? பதினைந்து ஆண்டு கூண்டில் இருந்துவிட்டு, 2002-ல் மறுபடியும் வானத்தைப் பார்த்தது.

விட்ட பிறகும் தொல்லை ஓயவில்லை. 1992-ல் முதலில் விட்ட இரண்டில் ஒன்று, மோட்டாரில் ஊற்றும் உறையாத் திரவத்தைக் குடித்துச் செத்தது. சில பறவைகள் மின்சாரக் கம்பத்தில் மோதின. அதனால் கூண்டுக்குள்ளேயே பொய்க் கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாக "ஷாக்" அடிக்கும்படி செய்து பழக்கினார்கள். தாய்ப் பறவைகள் சோடா மூடியையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கிவந்து குஞ்சுக்கு ஊட்டின. 2020-ல் கடலோர மலையில் பிடித்த காட்டுத் தீயில் 12 பறவைகள் மடிந்தன. 2023-ல் அரிசோனாப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து 21 செத்தன. அதன் பிறகு காண்டோருக்குத் தடுப்பு ஊசியே போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இத்தனையையும் சமாளித்துவிட்டார்கள். சமாளிக்க முடியாதது ஒன்றுதான்.

வயிறு நிறைந்தும் பட்டினி

வேட்டைக்காரன் மானைச் சுடுகிறான். தோட்டா காரீயத்தால் செய்தது. காரீயம் மெதுவானது. வேகமாகப் போய் எலும்பில் மோதியதும் சிதறுகிறது. பெரிய துப்பாக்கியின் தோட்டாவாக இருந்தால் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகிவிடும். பல துணுக்குகள் கடுகைவிடச் சிறியவை. கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்ரே படத்தில்தான் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

வேட்டைக்காரன் அங்கேயே மானைக் கிழித்து, குடலையும் ஈரலையும் எறிந்துவிட்டு, மாமிசத்தை மட்டும் எடுத்துப் போகிறான். எறிந்த குடல் காண்டோருக்கு விருந்து. விருந்தோடு காரீயமும் உள்ளே போகிறது.

காண்டோரின் வயிற்றில் சுரக்கும் அமிலம் மிகவும் கடுமையானது. அழுகிய மாமிசத்தையே செரிக்க வேண்டும் அல்லவா? அந்த அமிலம் காரீயத்தையும் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. முதலில் நரம்புகள் கெடுகின்றன. பிறகு இரைப்பை வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. தின்ற உணவு கழுத்தடியில் உள்ள பையிலேயே தங்கிவிடும், கீழே இறங்காது. பை நிறைய உணவை வைத்துக்கொண்டு பறவை பட்டினியால் சாகிறது!

காண்டோர் தனியாகச் சாப்பிடும் பறவையும் அல்ல. ஒரு பிணத்தைச் சுற்றிப் பத்துப் பறவைகள் கூடிவிடும். ஆக, ஒரு தோட்டா பத்துப் பறவைகளுக்கு விஷம் வைக்கலாம். நாளொன்றுக்கு 150 மைல் சுற்றும் பறவை எத்தனை பண்ணைகளைக் கடந்து போகும்! அதில் ஒரே ஒரு பண்ணையில் காரீயம் இருந்தால் போதும்.

காட்டில் சாகும் காண்டோர்களில், காரணம் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் சுமார் பாதி காரீயத்தால் செத்தவை. 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது. கலிபோர்னியாவில் பறக்கும் காண்டோர்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் வைத்தியம் செய்ய வேண்டிய அளவுக்கு ரத்தத்தில் காரீயம் இருந்தது. காரீயத்தைச் சோதித்துப் பார்த்ததில், பெரும்பாலும் அது துப்பாக்கித் தோட்டாவின் காரீயத்தோடு ஒத்துப்போயிற்று.

அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் அத்தனை பறவைகளையும் கூண்டு வைத்துப் பிடித்து, ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். விஷம் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து, காரீயத்தை வெளியேற்றும் மருந்தை ஊசிமூலம் ஏற்றுகிறார்கள். குணமானதும் விடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே பறவை மறுபடியும் விஷத்தோடு வந்து நிற்பதும் உண்டு.

சட்டம் வந்தது, சாவு நிற்கவில்லை

கலிபோர்னியா சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2007-ல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி 2008 முதல், காண்டோர் வாழும் பகுதிகளில் பெரிய மிருகங்களை வேட்டையாடக் காரீயத் தோட்டா கூடாது. 2013-ல் இன்னொரு சட்டம். 2019 ஜூலை 1 முதல், மாகாணம் முழுவதிலும் எந்தக் காட்டுப் பிராணியைச் சுடவும் காரீயம் கூடாது.

அப்படியும் கழுகுகள் சாகின்றன. ஏன்?

பண்ணைக்காரரின் பக்கம் நின்று பார்த்தால்தான் இது புரியும். தரை அணில் மேய்ச்சல் நிலத்தைச் சல்லடையாகத் துளைக்கிறது. புல்லைத் தின்கிறது. அந்த வளையில் கன்றுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளுமே என்ற பயம் அவருக்கு. சின்னத் துப்பாக்கியால் அணிலைச் சுட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போகிறார். அதைக் கழுகு தின்கிறது. காரீயத்துக்குப் பதில் தாமிரத்தில் தோட்டா உண்டு. தாமிரம் சிதறாது. கழுகுக்கும் கெடுதல் இல்லை. பெரிய துப்பாக்கிக்கு அது எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அணில் சுடும் சின்னத் துப்பாக்கிக்குக் காரீயம் இல்லாத தோட்டா கிடைப்பது அருமை. கிடைத்தாலும் விலை கூடுதல். வெளியிலிருந்து தருவித்தாலும், லைசென்சு பெற்ற கடை வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் இன்னொரு சட்டம் இருக்கிறது. அலமாரியிலோ பழைய காரீயத் தோட்டா டப்பா டப்பாவாக இருக்கிறது.

லட்சக்கணக்கான ஏக்கரில் யார் எந்தத் தோட்டாவைப் போட்டார்கள் என்று போலீஸ் போய்ப் பார்க்க முடியுமா? முடியாது. ஆகவே, அந்த மலையில் சட்டத்தைவிடப் பண்ணைக்காரரின் மனசுக்குத்தான் அதிகாரம்.

டெஹோன் பண்ணையில் 2003-ல் ஒரு துக்கம் நடந்தது. காட்டில் பிறந்து, 1986-ல் பிடிபட்டு, 2000-ல் மறுபடியும் விடுதலையான ஒரு மூத்த பெண் காண்டோரை, பன்றி வேட்டைக்கு வந்த ஒருவர் சுட்டுவிட்டார். பல குஞ்சுகளுக்குத் தாய் அது. பிறகு 2007-ல், மாகாணச் சட்டம் வருவதற்கு முன்பே, தன் நிலத்தில் வேட்டையாட வருகிறவர்கள் காரீயத் தோட்டா கொண்டுவரக் கூடாது என்று அந்தப் பண்ணை அறிவித்தது.

அரிசோனா மாகாணம் வேறு வழியில் போனது. அங்கே தடைச் சட்டம் போடவில்லை. 2005 முதல், காண்டோர் பகுதிக்கு வேட்டைக்கு வருகிறவர்களுக்குக் காரீயம் இல்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுக்கிறார்கள். எறிந்துவிட்டு வரும் குடலைத் திரும்பக் கொண்டுவந்தால் குலுக்கல் பரிசு! இது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் ஐந்தில் நான்கு வேட்டைக்காரர்களுக்கு மேல் ஒத்துழைக்கிறார்கள். அங்கேயும் காரீயச் சாவு முழுவதும் நிற்கவில்லை. கழுகுக்கு மாகாண எல்லை தெரியாது. அடுத்த மாகாணத்துக்கும் பறந்து போகிறது.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வருமா? வாத்து வேட்டைக்குக் காரீய ரவை கூடாது என்று 1991 முதலே அமெரிக்கா முழுவதும் தடை இருக்கிறது. மற்ற வேட்டைக்கு அப்படி இல்லை. மத்திய சர்க்காரின் சரணாலயங்களில் காரீயத் தோட்டாவை நிறுத்தும்படி 2017 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. ஆட்சி மாறியது. மார்ச்சில் அந்த உத்தரவு ரத்தாகிவிட்டது. துப்பாக்கி என்று பேச்சு எடுத்தாலே அங்கே அரசியல் வந்துவிடுகிறது. காரீயத்தைத் தடுப்பது, துப்பாக்கியையே பிடுங்குவதற்கு முதல் படி என்று பல வேட்டைக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

கழுகுக்கு மட்டுமா விஷம்?

காரீயம் பறவைக்கு மட்டும் விஷம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மான் மாமிசத்தை ஏழைகளுக்குத் தானமாகக் கொடுப்பது வழக்கம். 2008-ல் வடக்கு டகோட்டா மாகாணத்தில் அந்த மாமிசத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். காரீயத் துணுக்குகள் தெரிந்தன. உணவு நிலையங்களில் இருந்த மாமிசத்தை உடனே அப்புறப்படுத்தினார்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் கூடாது. கழுகு செத்து விழுந்ததால்தான், தன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டிலும் இது இருக்கலாமே என்று வேட்டைக்காரன் யோசிக்க ஆரம்பித்தான்.

நமது நாட்டுக் கழுகுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். இங்கே தோட்டா அல்ல, மாட்டு வைத்தியம். வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்கு டைக்ளோபெனாக் என்ற மருந்து கொடுத்தார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகு சிறுநீரகம் கெட்டு மடிந்தது. காரணம் 2004-ல் வெளியாவதற்குள், லட்சக்கணக்கான கழுகுகள் போய்விட்டன. வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய மருந்துப் புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தப் பெரிய புட்டிகளையும் தடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்தில், மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் கழுகுகள் கூடு கட்டுகின்றன.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. டைக்ளோபெனாக்குக்குப் பதிலாக, கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்ற மருந்து இருந்தது. விலையும் கட்டுப்படியாகும். அது கிடைத்த பிறகுதான் தடைக்கு உயிர் வந்தது. மாட்டின் வலியைப் பார்த்துக்கொண்டு எந்த விவசாயி சும்மா இருப்பான்? கலிபோர்னியாப் பண்ணைக்காரரின் கேள்வியும் அதுதான். காரீயத்தைப் போடாதே என்கிறாய். சரி, அணில் சுட வேறு தோட்டாவை அதே விலைக்குக் கடையில் வை!

சில இடங்களில் அதையும் செய்து பார்க்கிறார்கள். காண்டோர் சுற்றும் பகுதிகளில் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டு, காரீயத் தோட்டாவையும் தாமிரத் தோட்டாவையும் அவர்கள் கண் முன்னே சுட்டுக் காட்டுகிறார்கள். ஒன்று எப்படிச் சிதறுகிறது, மற்றொன்று எப்படி முழுசாக இருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். இப்படிக் காட்டுகிறவர்களில் பலர் தாங்களும் வேட்டைக்காரர்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர் போய்ச் சொன்னால் கேட்காதவர், கூட வேட்டையாடும் தோழர் சொன்னால் கேட்கிறார். தாமிரத் தோட்டாப் பெட்டிகளை இலவசமாகவும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இதற்கிடையே காண்டோரின் எல்லை விரிந்துகொண்டே போகிறது. கலிபோர்னியாவின் வடகோடியில், செம்மரக் காடுகளுக்குப் பக்கத்தில் யூரோக் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய வானத்தில் நூறு ஆண்டுக்கு மேலாகக் காண்டோர் பறக்கவில்லை. 2022 மே மாதம் அவர்களே முன்னின்று கழுகுகளைப் பறக்கவிட்டார்கள். விடுவதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே, அந்த வட்டாரத்து வேட்டைக்காரர்களிடம் தோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் தோட்டா, பிறகு கழுகு என்பது அவர்கள் கணக்கு.

தெற்கே பிட்டர் கிரீக்கில், 1987-ல் கடைசிப் பறவையைப் பிடித்த அதே மலையில், பெரிய கம்பிக் கூண்டு ஒன்று நிற்கிறது. செத்த கன்றுக்குட்டியை உள்ளே போட்டு வைப்பார்கள். கழுகுகள் வந்து இறங்கும். கதவு மூடும். நம்பரைப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிடித்து, காலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள்.